ஒற்றை மேசை

"பிள்ளை, ஒருக்கா வா."

கீழே ஹோலிலிருந்து மாமாவின் குரல் வந்தபோது தேனுகாவின் கையில் இரண்டு ராணிகள் இருந்தன.

"வாறன் மாமா, ஒரு நிமிசம்" என்றாள். கண் லப்டொப்பை விட்டு அசையவில்லை.

வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஒன்லைனில் ஒரே நேரத்தில் ஆறு மேசைகளில் போக்கர் சீட்டு ஆடுவாள். எல்லாமே சில்லறைக் காசுப் போட்டிகள். கணவன் ஜதுர்சன் பேக்கரியில் பகல் ஷிப்ட் முடித்து மில்லிக்கன் வீட்டுக்கு வந்துசேரும்வரை பொழுது போகும்.

ஆறு மேசையும் ஆடிக்கொண்டு அப்பாவை எப்படிப் பார்க்கிறாய் என்று போன கிழமை அவன் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது. ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் வழங்காமல் போனபின், பத்மநாதன் மாமாவைப் பிடித்து எழுப்பவும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகவும் எப்போதும் ஓர் ஆள் வேண்டும்.

குறைக்கிறேன் என்றாள். குறைத்தும்விட்டாள். இன்று ஒரே ஒரு மேசை. ஒன்றுதானே என்று, கட்டும் காசை மட்டும் நூறு டொலராக உயர்த்திக்கொண்டாள்.

ஆறு மேசை ஆடிய நாட்களில் மாமா கூப்பிட்டால் சீட்டுகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். ஒன்றிரண்டு தோற்றாலும் மற்றவை இருக்கும். இந்த ஒற்றை மேசையை விட்டு எழ அவளால் முடியவில்லை. நூற்றுக்கணக்கான பேரில் ஒன்பது பேர்தான் மிச்சம். கொஞ்சம் பிந்தினாலும் சீட்டு பறிபோகும்.

"பிள்ளை..."

"இந்தா வந்திட்டன் மாமா!"

ராணிகள் வென்றன. அடுத்த சீட்டும் நல்ல சீட்டாக விழுந்தது.

மூன்றாம் முறை அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து மாமா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை. அது கேட்டது. கேட்டும் அவள் எழவில்லை.

பிறகு சத்தமில்லை. நித்திரையாகியிருப்பார் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

கடைசியில் இரண்டாவதாக வந்தாள். இதுவரை எட்டியே பார்த்திராத இடம். வாயைப் பொத்திச் சிரித்தபடி அவள் இறங்கிக் கடைசிப் படியில் கால் வைக்கவும், ஜதுர்சன் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது.

அவன் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டே சோபாவைப் பார்த்தான்.

"என்னப்பா, சாரமெல்லாம் நனைஞ்சு கிடக்குது?"

மாமா மகனைப் பார்க்கவில்லை. யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

"தேத்தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு தம்பி. பிள்ளை கொண்டுவந்து தந்தவள். என்ர கைதான் நடுங்கினது. அவளை ஒண்டும் கேளாதை."

"சுட்டுப்போட்டுதே?"

"இல்லை. சூடில்லை."

தேனுகாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படிக் கழற்றுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் அவர் மாற்றி உடுக்க உலர்ந்த சாரம் ஒன்றை எடுத்துவந்து மாமாவின் காலடியில் முழந்தாளிட்டாள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழும்புவதற்காக அவர் வலது கையை அவள் தோளில் ஊன்றினார்.

ஜதுர்சன் குனிந்து சோபாவுக்கடியில் தேடினான்.

"கோப்பை எங்கை? உடைஞ்சு கிடந்தால் காலிலை குத்தப்போகுது."

தோளிலிருந்த கை ஒரு கணம் இறுகியது.

"நான் அப்பவே எடுத்துக் கழுவி வைச்சிட்டன்" என்றாள் தேனுகா.

அன்று காலையிலிருந்து அவள் தேத்தண்ணி போடவேயில்லை.