நடுச்சுவர்

அனுமதியில்லாமல் கட்டிய நடுச்சுவரை வியாழக்கிழமை இடிக்கப் போவதாக மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனது. பெரியவரின் இரண்டு மகன்களும் தனித்தனியாக வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"அப்பா, நீங்களே போய் அந்த ஆபீசரைப் பாருங்க. ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டுங்க" என்றான் மூத்தவன்.

"அவன் கையிலேருந்து காசு வராது. நான் தர்றேன். சுவர் நிக்கணும், அவ்வளவுதான்" என்றான் இளையவன்.

அந்தச் சுவரை எழுப்பிய பிறகு அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

சுவர் கூடத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடியது. பெரியவருக்குச் சாப்பாடு மூத்தவன் பக்கம், கட்டில் இளையவன் பக்கம். சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டுமானால் தெருவில் இறங்கி அடுத்த வாசலில் ஏற வேண்டும். யாராவது பார்த்துவிட்டால், "சாப்பிட்டதும் கொஞ்சம் நடந்தாத்தான் செரிக்கும்" என்பார். வீட்டுப் பேச்சு தெருவுக்குப் போகக் கூடாது என்பதில் அவர் கறார். சுவர் எழும்பிய நாளில் "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னவர், பிறகு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் அவர் பரம்பரையில் இல்லை.

மகன்களின் பணத்தைத் தொடாமல், தன் பென்ஷனிலிருந்து ஒரு கவர் தயார் செய்துகொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனார். நகரமைப்புப் பிரிவின் வாசலில் பியூன் வழிமறித்தான்.

"நோட்டீஸ் கேஸா? மேயர் ரிப்பன் வெட்டுவார், கமிஷனர் கையெழுத்துப் போடுவார். இடிக்கிறதும் விடறதும் எங்க கட்டட ஆய்வாளர் மனசுதாங்க."

"அவரைத்தான் பார்க்கணும்."

"பாருங்க. ஆனா எதுக்குன்னு வாயைத் திறந்து சொல்லிடாதீங்க. சாருக்கு அது பிடிக்காது. மேஜையில பேப்பர் கிடக்கும், அதுக்கு அடியில வெச்சுட்டு வந்துடுங்க."

"சொல்லாம அவருக்கு எப்படிப்பா புரியும்?"

"நல்லா கேட்டீங்க! இத்தனை வருஷ சர்வீஸ்ல சார் யாரையும் கேட்டதே இல்லை. ஆளைப் பார்த்தாலே புரிஞ்சுக்குவார்."

முதுகு வளையாமல் லஞ்சம் கொடுப்பது கடினம். பெரியவர் அதைச் செய்தார். கவரைப் பேப்பருக்கு அடியில் செருகினார்.

ஆய்வாளர் கவரைப் பார்க்கவில்லை. விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டார்.

"குடும்ப மானம், இல்லைங்களா ஐயா?"

"அதுக்காகத்தான் வந்தேன். இல்லைன்னா இந்தப் படி ஏறுற ஆள் நான் இல்லை."

"பார்த்தாலே தெரியுது. நிம்மதியாப் போங்க. நானே நேர்ல வந்து முடிச்சுத் தர்றேன்."

வியாழக்கிழமை காலையில் பெரியவர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இடிக்கும் இயந்திரம் தெருமுனையில் திரும்பியது. தெருவே வேடிக்கை பார்க்கத் திரண்டது. இரண்டு வாசல்களிலும் இரண்டு மகன்கள் வெளிறிப்போய் நின்றார்கள்.

இயந்திரம் வீட்டை நெருங்கியதும் ஜீப்பிலிருந்து ஆய்வாளர் குதித்தார். பெரியவரைப் பார்த்தார். கையை உயர்த்தினார்.

"ஏய், இந்த வீடு இல்லைப்பா! பின்னால எடு!"

இயந்திரம் உறுமிக்கொண்டே பின்வாங்கியது. ஆய்வாளர் பெரியவரின் காதருகே குனிந்தார்.

"ரெக்கார்டுக்காக வண்டி வந்துட்டுப் போகணும் ஐயா. இனிமே உங்க சுவரை ஒருத்தனும் தொட மாட்டான். நான் பொறுப்பு."

ஜீப் போய்விட்டது.

"சாதிச்சுட்டீங்கப்பா!" என்றான் மூத்தவன் ஒரு வாசலிலிருந்து.

"அப்பான்னா அப்பாதான்!" என்றான் இளையவன் மற்ற வாசலிலிருந்து.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டார்.

அந்தச் சுவரைத் தவறாமல் இடிப்பதற்காகக் கொடுத்த லஞ்சம் வீணாகிவிட்டது என்று மாநகராட்சியின் எந்தப் பிரிவில் புகார் கொடுப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.