மரவள்ளிக்கு மேல் இஞ்சி

குடித்து முடித்த தேநீர்ப் பேணியின் அடியில் கிடந்த இஞ்சித் துண்டைக் கண்டதும் கனகசபாபதியாருக்கு உயிர் போய்விட்டது. மூச்சு மாத்திரம் பழக்கதோஷத்தில் வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அவர் வயிறு முட்டச் சாப்பிட்டது மரவள்ளிக்கிழங்கு. யுத்தம் வந்து, கூப்பன் அரிசி அரை வயிற்றுக்கும் போதாமல் போனதிலிருந்து உடுவிலில் எல்லா வீட்டிலும் அதுதான் சாப்பாடு. பானையை மூடாமல் அவித்துத் தண்ணீரை வடித்துவிட்டால் கிழங்கின் நஞ்சு போய்விடும். ஆனால் கிழங்கு தின்ற வயிற்றில் இஞ்சி பட்டால் ஆள் தப்பாது என்பது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மனைவி ஞானாம்பிகைக்குத் தெரியாதா?

"ஞானம், தேத்தண்ணிக்குள்ளை என்ன போட்டனி?"

"இஞ்சி. காலமை தொடக்கம் இருமிக்கொண்டெல்லோ திரிஞ்சியள்." அவள் முருங்கையிலை உருவுவதை நிறுத்தவில்லை.

கனகசபாபதியார் பாயை விரித்துத் தெற்கே தலை வைத்துப் படுத்தார். பிறகு மற்றவர்கள் தூக்கித் திருப்பிப் போடும் கரைச்சல் வேண்டாமே.

விரலளவு இஞ்சி என்றால் மூன்று மணித்தியாலம்; ஆள் மெலிவென்றால் அதற்கும் முன்னமே முடிந்துவிடும். போன கிழமைதான் நாடி பார்க்கும் மானிப்பாய்ப் பரியாரியாரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருந்தார்.

நெஞ்சு எரிந்தது. நஞ்சைவிடத் துரோகம் கூடுதலாக எரித்தது. இருபத்திரண்டு வருடம் சமைத்துப் போட்டவள். போன மாதம் தன் சீதனத் தோட்டக்காணியைக்கூட முகம் சுளிக்காமல் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தவள். அந்தக் கையா இதைச் செய்தது?

"உனக்கு நான் என்ன குறை வைச்சனான்? ஒரு நாள் கை நீட்டினனானோ?"

"இல்லை."

"பிறகேன் என்னைச் சாக்காட்டினனி?"

"ஆர் சாக்காட்டினது? கதைச்சுக்கொண்டெல்லோ கிடக்கிறியள்."

"மரவள்ளிக்கு மேலை இஞ்சியைக் குடுத்திட்டு நிண்டு கதைக்கிற கதையைப் பார். கட்டின புருசனுக்கு நஞ்சு வைக்க உனக்கு எப்பிடி மனம் வந்தது?" கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "நம்பியிருந்தன், ஞானம். நீ தந்த ஒண்டையும் நான் மணந்துகூடப் பாத்ததில்லை."

ஞானாம்பிகை சுளகைத் தள்ளி வைத்தாள். எழுந்து வந்து அவரருகில் குந்தி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எழும்புங்கோ, ஒண்டும் செய்யாது," என்றாள். "மூண்டு நாளா என்ரை கோப்பிக்குள்ளை நீங்கள் போட்ட இஞ்சிக்கு நான் செத்துப்போனனோ?"