மூட்டைப் பயணிகள்

"அந்த மூட்டையை நிமித்தி உக்கார வைய்யா. பயணி இப்படியா சரிஞ்சு கெடப்பான்?"

பரிசோதகர் அதட்டியதும் ஓட்டுநர் ஓடிப்போய் மணல் மூட்டையை நிமிர்த்தி வைத்தார்.

நகரத்தின் இலகு ரயில் பாதையைச் சந்தையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நீட்டியிருந்தார்கள். திறப்பு விழா மூன்று தடவை தள்ளிப்போய்விட்டது. அதுவரைக்கும் சோதனை ஓட்டம். ஆளுக்குப் பதில் மூட்டை என்று, இருக்கைக்கு இருக்கை மணல் மூட்டையை உட்கார வைத்துக்கொண்டு வண்டி தினமும் போய் வர வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முப்பது விநாடி கதவைத் திறந்து வைக்க வேண்டும். மூட்டைகளிடம், "தயவுசெய்து கதவை விட்டு விலகி நில்லுங்கள்" என்று அறிவிப்பும் செய்ய வேண்டும்.

மனுஷப் பிறவி மட்டும் ஏறக் கூடாது.

பரிசோதகருக்கு டெப்போவில் 'தராசு' என்று பேர். போன வாரம் வண்டிக்குள் ஒரு பூனை ஏறிவிட்டது என்பதற்காக இன்னொரு ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பியவர். "பூனைக்கு எடைச் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டாராம்.

அப்பேர்ப்பட்டவர் இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஓட்டுநர் வண்டியைத் தயார் செய்துவிட்டு டெப்போவில் கையெழுத்துப் போட்டு வருவதற்குள் வண்டியில் ஏறி நின்றிருந்தார். மூன்றாம் வரிசை ஜன்னலோர மூட்டைக்குள் இருந்தது மணல் இல்லை. ஓட்டுநருடைய அக்கா.

அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்பது மணிக்கு அங்கே இல்லாவிட்டால் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். ரயில் விடுகிறேன் பேர்வழி என்று தெருவைத் தோண்டிப் போட்டதில் பஸ் நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. வாடகைக் கார்க்காரன் பள்ளத்தைப் பார்த்ததுமே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுகிறான். மணல் மூட்டை சொகுசாக ஜன்னலோரம் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அக்கா மூச்சு வாங்க மண்மேடு ஏறி இறங்கி நடக்கிறாள். ஓட்டுநருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சாக்கை எடுத்து நீட்டிவிட்டார்.

"மூட்டைன்னா அறுபது கிலோக்கா. நீ அம்பத்தஞ்சுதான். மடியில ரெண்டு செங்கல் வெச்சுக்கோ."

"எடை பத்தலேன்னு செங்கல் சுமக்கற மொத பொம்பளை நான்தான்டா" என்றாள் அக்கா, சாக்குக்குள்ளிருந்து.

வண்டி கிளம்பியது. தராசு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். இத்தனை இடம் இருக்க, போயும் போயும் மூன்றாம் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அச்சு!"

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டு பாதையையே பார்த்தார்.

"என்னய்யா, மூட்டை தும்முது?"

"மணல் சார். காஞ்சுதுன்னா அப்படித்தான் சத்தம் விடும்."

"இன்னிக்குக் காலைலதான் ஈர மணல் வந்துச்சுன்னு டெப்போல சொன்னாங்க?"

"அதான் சார்... ஈரத்துல சளி புடிச்சிருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஓட்டுநருக்கே உறைத்தது. தராசு சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து என்னவோ எழுதினார்.

வேலை போச்சு என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும். இன்றைக்கு ஒரு நாள் அக்காவை மட்டும் இறக்கிவிட்டால் போதும்.

ஆஸ்பத்திரி நிறுத்தம். மணி எட்டு ஐம்பத்தைந்து. கதவு திறந்தது. தராசு நட்டு வைத்த கம்பம் மாதிரி அங்கேயே நின்றார். அக்கா எப்படி எழுந்திருப்பாள்? பத்து விநாடி போயிற்று. இருபது போயிற்று. மூட்டை அசையவில்லை.

"பின்சக்கரத்துல ஏதோ சத்தம் வருது. எறங்கிப் போய்ப் பாரு" என்றார் தராசு.

"சார், ஓட்டுநர் வண்டியை விட்டு எறங்கக் கூடாதுன்னு விதி இருக்கே..."

"அந்த விதியை எழுதினதே நான்தான்யா. போ. நான் கூப்பிடற வரைக்கும் வராதே."

ஓட்டுநர் இறங்கிப் போய் சக்கரத்தின் முன்னால் குந்தினார். ஒரு சத்தமும் இல்லை. தன்னைக் கீழே அனுப்பிவிட்டு மேலே அக்காவை விசாரிக்கிறாரோ? நோயாளியை அதட்டுவாரோ? வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்துவிடுவாரோ? அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாய்யா" என்று குரல் வந்ததும் விழுந்தடித்து ஏறினார்.

மூன்றாம் வரிசையில் ஒரு சாக்கும் இரண்டு செங்கலும் மட்டும் கிடந்தன.

"சார், அது எங்க அக்கா சார். டயாலிசிஸ். வேற வழியில்லாமத்தான் ஏத்தினேன். என்னைய வேணா வீட்டுக்கு அனுப்பிடுங்க, அவளை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்க சார்."

தராசு திரும்பவில்லை. கடைசி வரிசையில் நின்று, காலியான இன்னொரு சாக்கை உதறி, பொறுமையாக மடித்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் தூசி.

"உங்க அக்காவுக்கு எத்தனை மணிக்குய்யா முடியும்?"

"ஒ... ஒரு மணிக்கு சார்."

"என் வீட்டுக்காரிக்கும் ஒரு மணிதான். ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் போறாங்க. வர்றப்ப சேர்த்தே ஏத்திக்க."