ஏழு ஸ்பூன் சர்க்கரை

“ஏழு பேரு, ஆளுக்கு ஒரு ஸ்பூன். அக்கா அங்கியே மயங்கி வுழுவா. அப்ப இன்னா சொல்லுவீங்க?”

நூர்ஜகான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பதில் வாங்காமல் விடமாட்டாள்.

“மெதுவா பேசுடி. மாப்ள வூட்டு வண்டி தியாகதுருகம் தாண்டிடுச்சாம்” என்றாள் அம்மா.

அன்று அக்கா அத்தியாவுக்கு நிச்சயம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மண்டபம். மாப்பிள்ளையின் அம்மா முதலில், பிறகு சொந்தக்காரப் பெண்கள் ஆறு பேர், வரிசையாக வந்து பெண்ணின் வாயில் சர்க்கரை போடுவார்கள். போட்டால்தான் நிச்சயம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அத்தியா நூற்றுப் பதினெட்டு கிலோ. புதுச்சேரியில் இரைப்பையைச் சுருக்கி ஆபரேஷன் ஆனது. இப்போது ஐம்பத்தெட்டு. ஆனால் சர்க்கரை உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், வேர்த்து ஊற்றும், கண் இருட்டும். போன பெருநாளைக்கு அரை குலாப் ஜாமூன் தின்றுவிட்டு ஒரு மணி நேரம் தரையில் கிடந்தாள். டீக்குக்கூட மெடிக்கலில் வாங்குகிற சுகர்ஃப்ரீ தூள்தான்.

மாப்பிள்ளை வீட்டுக்கு இது எதுவும் தெரியக்கூடாது. அம்மா சொல்ல விடவில்லை.

“சர்க்கரைக்குப் பதிலா கரியாலூர் தேனு வெச்சிடலாமாடி? மலைத்தேனு. ஒடம்புக்கு நல்லதுதானே.”

“தேனும் சர்க்கரைதாம்மா. மலையில இருந்து எறங்கி வந்தா மாறிடுமா? கிண்ணத்துல சுகர்ஃப்ரீ தூளைக் கொட்டி வைங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

“கிண்ணமே அவுங்க வூட்ல இருந்துதாண்டி வரும். அதான வழக்கம்.”

“அப்ப உண்மையைச் சொல்லிடுங்க.”

“வயித்துல கத்தி பட்ட பொண்ணு புள்ள பெத்துக்குவாளான்னு கேப்பாங்க.”

“டாக்டரே பெத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

“டாக்டரா உங்கக்காவைக் கட்டிக்கப் போறாரு?”

கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்த அத்தியா திரும்பினாள்.

“நூரு, இது என் விஷயம். நான் பாத்துக்கறேன். நீ சும்மா இரு.”

“அதான்க்கா உன் பிரச்சினையே. எல்லாத்துக்கும் சும்மா இருப்ப.”

எலவனாசூர்கோட்டைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பெண்கள் பக்கம் மட்டும் அறுபது பேர் இருக்கும். மாப்பிள்ளை அமீரின் அம்மா ஆசியா பீவி சரிகைத் துணி மூடிய வெள்ளிக் கிண்ணத்தோடு அத்தியாவின் எதிரில் உட்கார்ந்தார். குவித்து ஒரு ஸ்பூன் எடுத்தார்.

“நெறைய போடு ஆசியா. பொண்ணு எலும்பும் தோலுமா இருக்கா” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு ஸ்பூன் போனது. அத்தியா விழுங்கினாள். அடுத்தவர் வந்தார். இரண்டு. அதற்கடுத்தவர் வந்தார். மூன்று.

அத்தியாவின் நெற்றியில் வேர்வை பூத்தது. நூர்ஜகானுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“நிறுத்துங்க.”

மண்டபம் மொத்தமும் அவளைப் பார்த்தது. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டாள்.

“எங்கக்காவுக்குச் சர்க்கரை ஆவாது. ஒடம்பு எளைக்க ஆபரேஷன் பண்ணிக்கினா. முக்கால்வாசி வயித்தை எடுத்துட்டாங்க. இதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. மறைச்சுக் கட்டிக் குடுக்கறதுல எனக்கு இஷ்டமில்ல. இதைக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போறவங்க தாராளமா போகலாம்.”

சொல்லி முடித்து நிமிர்ந்து நின்றாள். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை.

“முக்கா வயிறு இல்லியாமே.”

“அதானே பார்த்தேன். காலேஜ்ல படிக்கும்போது எம்மாம் பெரிய பொண்ணு அது.”

“புள்ள தங்குமாடி?”

பேச்சு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. அத்தியா தலையைக் குனிந்துகொண்டாள். ஆசியா பீவி மட்டும் எதுவுமே காதில் விழாதவர் மாதிரி ஸ்பூனைத் தூக்கிப் பிடித்தார்.

“நாலாவது யாரு? வாங்க.”

நாலாவதாக வரவேண்டிய மாப்பிள்ளையின் சித்தி தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஆளும் எழுந்திருக்கவில்லை.

“சரி. மிச்சம் நாலையும் நானே போட்டுடறேன்.”

நூர்ஜகான் அவர் கையைப் பிடித்தாள். “இவ்ளோ சொல்லியும் போடுவீங்களா மாமி? அவ செத்துப் போனாலும் உங்களுக்கு வழக்கம்தான் பெருசா?”

ஆசியா பீவி கோபப்படவில்லை. கிண்ணத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

“வாயில போடு.”

போட்டாள். இனித்தது. கூடவே நாக்கில் புதினா தின்றது மாதிரி ஒரு குளிர்ச்சி. அக்காவின் சுகர்ஃப்ரீ தூளை நக்கிப் பார்த்து அவளுக்குப் பழகிய ருசி.

ஆசியா பீவி நாலாவது ஸ்பூனை அத்தியாவின் வாயில் போட்டு, “இன்னா புழுக்கம்” என்று துப்பட்டாவின் நுனியால் அவள் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்தார். பிறகு நூர்ஜகானுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“சம்மந்தம் பேசின அன்னிக்கே உங்கக்கா எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா. அமீருக்கும் தெரியும். ‘என் ஒடம்பு மாமி, யார் யாருக்குச் சொல்றதுன்னு நான்தானே முடிவு பண்ணணும்’னு கேட்டா. எனக்கு அது ஞாயமாத்தான் பட்டுச்சு. உங்கிட்ட இதைக் கேக்கலியாம்மா?”