பக்கத்து வீட்டு இரைச்சல்

"மொட்டை மாடியில ஒரு கம்பி கட்டியிருக்கீங்களே, முதல்ல அதைக் கழட்டுங்க சார்."

பல் டாக்டர் கேட்டைத் திறந்து உள்ளே போகக்கூட இல்லை. தெருவில் நின்றபடியே சொன்னார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். தெருவுக்கே அவர் 'கப்பல்காரர்'தான். சாயங்காலம் ஆறு மணி ஆனால் ரேடியோ செட் முன்னால் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, 'டிக் டிக்'கென்று எதையோ தட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கம்பி அந்த செட்டுக்கான ஏரியல்.

"ஏன் டாக்டர், என்ன ஆச்சு?"

"உங்க செட்டால என் வீட்ல ஒரு பாட்டை உருப்படியாக் கேக்க முடியல. கரகரன்னு இரையுது. நடுநடுவுல அறுந்து அறுந்து போகுது."

டாக்டர் கேட்பது கடையில் வாங்கின பாட்டு இல்லை. அவர் மனைவி வீட்டில் பாடப் பாடக் கேசட்டில் பிடித்து வைத்தவை. அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்லாவற்றையும் மாடியறைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீழே ஹாலில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பார். மேலிருந்து கீழே கேபிள் இழுக்க வேண்டுமானால் சுவரைத் துளைக்க வேண்டும். அவள் கலர் பார்த்துப் பார்த்து பெயிண்ட் அடித்த சுவர். மனசு வரவில்லை. பவர்லைன் அடாப்டர் இரண்டு வாங்கி, மேலே ஒரு ப்ளக்பாயிண்டில் ஒன்று, கீழே ஒன்று செருகிவிட்டார். வீட்டுக் கரண்ட் வயர் வழியாகவே பாட்டு கீழே இறங்கி வந்துவிடும்.

கப்பல்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். ப்ளக்குல ஏதாவது அடாப்டர் மாட்டியிருக்கீங்களா? அதை எடுத்துட்டு ஒரு லேன் கேபிள் இழுத்துட்டா..."

"என் வீட்டுச் சுவத்துல ஓட்டை போடச் சொல்ல நீங்க யாரு?" டாக்டரின் குரல் ஏறிவிட்டது. "என் பொண்டாட்டி ஆசையாப் பெயிண்ட் அடிச்ச சுவர் அது. உங்களுக்குப் பொழுது போகலைன்னா வேற ஏதாவது பண்ணுங்க. எனக்குன்னு மிஞ்சினது அவ குரல் ஒண்ணுதான். அதையும் கெடுக்காதீங்க."



"சரி டாக்டர்," என்றார் பெரியவர்.

மறுநாள் காலையில் அவரே தட்டுத் தடுமாறி மாடியேறி, கம்பியைக் கழற்றிச் சுருட்டுவதை டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கறாராப் பேசினாத்தான் காரியம் நடக்குது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் பாட்டு கரகரத்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். 'உங்க கம்பி மேல தப்பில்லை சார், மறுபடி கட்டிக்குங்க' என்று ஒரு வார்த்தை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். பெரியவர் தெருவில் எதிரே வந்தால், வராத ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் பொறுக்க முடியாமல் நெட்வொர்க் வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டார்.

"அலமாரிக்குப் பின்னால விரல் நுழையற மாதிரி ஒரே ஒரு ஓட்டை சார். வெளியில தெரியவே தெரியாது," என்றார் அவர். சொன்ன மாதிரியே அரை நாளில் கேபிளை இழுத்து முடித்து, இரண்டு அடாப்டரையும் பிடுங்கி மேஜைமேல் வைத்தார்.

பாட்டு வந்தது. ஒரு பிசிறு இல்லை. அடுத்த அடி எடுக்குமுன் அவள் மூச்சை இழுத்துக்கொள்வதுகூடக் கேட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்ல ஒரு ரேடியோ செட் இருந்துது. அதனாலயும் இரைச்சல் வந்திருக்குமோ?"

"தலைகீழ் சார். உங்க பாட்டு கரகரத்தது கரண்ட் வயர் வழியா வந்ததாலதான். இந்த அடாப்டர்தான் வீட்டு வயர் மொத்தத்தையும் ஏரியல் மாதிரி ஆக்கிடும். ரேடியோ வச்சிருக்கிறவங்களுக்குத்தான் ஒரே இரைச்சல். பாவம், இத்தனை நாளா அவங்களுக்கு எதுவுமே சரியாக் கேட்டிருக்காது."

டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். கப்பல்காரரின் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்க டாக்டர். அவர் லைப்ரரிக்குப் போயிருக்கார்."

"இரைச்சல் என் வீட்லேர்ந்துதாம்மா வந்திருக்கு. எல்லாத்தையும் எடுத்தாச்சு. அந்தக் கம்பியை நானே ஏறிக் கட்டித் தரேன். இன்னிக்கே."

"இனிமே எதுக்கு டாக்டர்?" அந்த அம்மாள் நிதானமாகத்தான் சொன்னார். "அவர்கூடக் கப்பல்ல வேலை பார்த்த சிநேகிதர் ஒருத்தர் வெளிநாட்டுல இருந்தார். தொண்டையில ஆபரேஷன் ஆகிப் பேச்சு போயிடுச்சு. ஃபோன்ல பேச முடியாது. தினம் ஆறு மணிக்கு ரெண்டு பேரும் ரேடியோவுல 'டிக் டிக்'னு மோர்ஸ் கோடு தட்டித்தான் பேசிப்பாங்க. போன மாசம் அந்த சிநேகிதர் தவறிட்டார்."



"இரைச்சல் என்னாலதான்னு சாருக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"அன்னிக்கு நான்தான் பேச விடலை. அப்புறமாவது ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமேம்மா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சொன்னா டாக்டர் அந்த ப்ளக்கைப் பிடுங்கிடுவார். சுவரையும் துளைக்க மாட்டார். அந்தம்மா பாட்டு நின்னுடும். என் சிநேகிதனுக்கு நான் லெட்டராவது போட்டுக்கலாம், டாக்டர் எந்த அட்ரஸுக்குப் போடுவார்?'னார்."