ஏழாவது கிளி

தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் மெக்கானிக் லிங்கராஜ் சிரித்துவிட்டான். திரையில் வரிசையாகப் பச்சைக் கிளிகள்.

“வேற எதையோ டவுன்லோடு பண்ணும்போது கூடவே ஒரு பிரவுசரும் வந்து ஒட்டிக்கிட்டு, அக்கா. கிளி அதோட ஐகான். பி.டி.எஃப். ஃபைல் எல்லாத்துலயும் தன் படத்தைப் போட்டுட்டு” என்றான்.

“அதான் ஆர்ட்டிஸ்ட் அனுப்புன லேபிள் டிசைன் பன்னெண்டும் ஒரு வாரமா கிளியாத் தெரியுதா?” என்றாள் கிளார்க் சுதாராணி. “முதலாளி வாரதுக்குள்ள எடுத்து விடு தம்பி.”

பிரவுசரை நீக்கி, ஃபைல்கள் பழையபடி திறக்க வழிசெய்தான் லிங்கராஜ். ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தான். மயில், யானை, ரோஜா, தேர் என்று பன்னிரண்டும் அழகாக இருந்தன. ஒன்றில்கூடக் கிளி இல்லை.

அப்போது முதலாளி பூவனலிங்கம் கையில் ஒரு கட்டோடு நுழைந்தார்.

“சுதா, புது லேபிள் அச்சாகி வந்துட்டு. அம்பதாயிரம்!”

கட்டைப் பிரித்தார். உள்ளே அத்தனையும் பச்சைக் கிளி.

சுதாராணி ஒரு லேபிளை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அண்ணாச்சி, இதை எப்படி…?”

“ஸ்கிரீன்லயே போட்டோ எடுத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்.”

லிங்கராஜ் மெல்லக் கேட்டான். “பன்னெண்டும் ஒரே கிளியால்லா இருந்திருக்கும், அண்ணாச்சி?”

“ஒனக்கு அப்படித்தாம்ல தெரியும்” என்றார் பூவனலிங்கம் பெருமையாக. “நான் ஒரு மணி நேரம் உத்துப் பாத்துல்லா ஏழாவதை எடுத்தேன். அதுக்குத்தான் மூக்கு லட்சணமா இருந்துச்சு!”