வேலை தெரியாத மெக்கானிக்

"நாலாவது தடவை வந்திருக்கேன் சேட்டா. ஏத்தத்துல பாதி போறதுக்குள்ள வண்டி நின்னுடுது. வாங்கி மூணு மாசம்கூட ஆகலை."

ரெஜிமோள் படபடத்தாள். காஞ்சிரப்பள்ளி மலை வீடுகளில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். போன வாரம் வண்டி நடு ஏற்றத்தில் நின்றபோது, பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து மாதாதான் காப்பாற்றினாள்.

மெக்கானிக் சுகதன் அந்த மின்சார ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, போன மூணு தடவை போலவே சர்வீஸ் அட்டையில் 'பழுது நீங்கவில்லை' என்று எழுதினான்.

"எந்த ஏத்தம், எத்தனை மணின்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க சிஸ்டர்."

"எதுக்கு?"

"போடுங்க. ஒரு நகல் உங்களுக்கு. வெளியில எந்த வொர்க்‌ஷாப்புலயும் காட்டிடாதீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. ரிப்பேர் பண்ணத் துப்பில்லை, கையெழுத்து மட்டும் கேட்கிறானே. நாளைக்கு 'இந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியாது' என்று மாட்டிவிடத்தான் இத்தனையும். கேட்டால் வாயைத் திறக்க மாட்டான், கல்லுளிமங்கன்.

ஷோரூம் மேனேஜர் தோமாச்சன் அப்படியில்லை. உட்காரவைத்து ஏலக்காய் போட்ட சாயா கொடுத்தார்.

"சிஸ்டர், நீங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. வண்டி தங்கம். இவனுக்குத்தான் வேலை தெரியலை. ஒரு புகார் எழுதிக் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்."

"வண்டியே வேண்டாம் சார். பணத்தைத் திருப்பிக் கொடுங்க."

"அதுக்கெல்லாம் உங்களுக்கு உரிமை இல்லையே மோளே."

புகாரைக் கொஞ்சம் காரமாகவே எழுதிக் கொடுத்தாள். ஆனால் உரிமை இல்லை என்று ஒரு மலையாளியிடம் சொல்லலாமா? மறுநாளே நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போட்டாள்.

கம்பெனி வக்கீல், வண்டியில் கோளாறே கிடையாது என்று சாதித்தார். நீதிபதி நாலு அட்டைகளையும் புரட்டினார்.

"உங்க மெக்கானிக்கே நாலு தடவை 'பழுது நீங்கவில்லை'ன்னு எழுதியிருக்காரே, வக்கீல் சார்?"

முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு. பிழைக்கத் தெரியாதவன், முதலாளி தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுவிட்டான் என்று ரெஜிமோள் சிரித்துக்கொண்டாள்.

வண்டியை ஒப்படைக்கப் போனபோது புது மெக்கானிக் ஒருவன் இருந்தான். அவள் கண்ணெதிரிலேயே அந்த வண்டியின் ஒரு வயரை வெட்டி இன்னொன்றோடு முறுக்கினான். ஏறி உட்கார்ந்து, செங்குத்தான ஏற்றத்தில் குடோன் வரைக்கும் நிற்காமல் போய்த் திரும்பினான்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"அஞ்சு நிமிஷ வேலை. இதுகூடவா அந்த சுகதனுக்குத் தெரியலை?"

"தெரியாமலா? மோட்டார் சூடானா நிறுத்தற வயர் இது. வெட்டிட்டா வாரண்டி முடியற வரைக்கும் ஓடும். அப்புறம் ஏதாவது ஏத்தத்துல மோட்டார் கருகி, ஆளோட பின்னால உருளும். சார் அவரையும் இதைத்தான் பண்ணச் சொன்னார். அவர் கையை வைக்க மாட்டேன்னுட்டார். பழுதுன்னா பழுதுன்னுதான் எழுதுவேன், அவங்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கட்டும்னு நின்னார்."

ரெஜிமோளின் குரல் இறங்கியது. "இப்ப அவர் எங்கே?"

"வேலையை விட்டு எடுத்தாச்சு. சும்மா எடுத்தா யூனியன்காரங்க வாசல்ல கொடி நட்டுடுவாங்க. நல்லவேளையா, அவருக்கு வேலையே தெரியாதுன்னு யாரோ ஒரு கஸ்டமர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தாங்களாம்."